கொசுறு கார்டு

சூப்பர் மார்க்கெட்டின் காய்கறிப் பிரிவில் எடை போடும் தராசக்கா, பதினெட்டு வருஷம் ஒரே இடத்தில் நின்று நின்று தரையையே இரண்டு அங்குலம் பள்ளமாக்கிவிட்டவள். எடை போட்டு, விலைச்சீட்டு ஒட்டி, முடிச்சுப் போடுவதற்குள் இரண்டு மிளகாயோ ஓர் எலுமிச்சையோ அவள் கையிலிருந்து தானாகப் பைக்குள் விழுந்துவிடும். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்த இரண்டு மிளகாய்க்காகவே குடும்பத்தோடு கிளம்பி வந்தார்கள்.

வாங்குபவர்களே எடை போட்டுக்கொள்ளும் இயந்திரம் வரப்போகிறது, மூன்று பேரில் ஒருவருக்குத்தான் வேலை என்று பேச்சு கிளம்பியதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தார் கணவர். மகள் படித்துக்கொண்டிருந்தாள். வருகிற சம்பளம் அவளுடையது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் மருமகன், கடை முழுக்க மாப்பிள்ளை என்று அழைக்கப்பட்டவர், வாங்க வாங்க வாடிக்கையாளர் கார்டில் ஏறும் பாயிண்டுகளுக்குப் பெயர் தேடினார். கண்ணாடி அறையில் ஐந்து பேர், மூன்று மாதம், ஒரு குளம் காபி. வைரம், நட்சத்திரம், கிரீடம் எல்லாவற்றையும் மற்ற கடைகள் முந்திக்கொண்டிருந்தன. கடைசியில் வேலையாட்களிடமே கேட்டார்கள். நல்ல பெயர் சொல்பவரைக் கடை கைவிடாது என்று மாப்பிள்ளை தன் வாயாலேயே சொன்னார்.

தராசக்கா யோசிக்கவே இல்லை. "கொசுறுன்னு வைங்க சார். வாங்கினதுக்கு மேல சும்மா குடுக்கறதுதானே."

ஒரே வாரத்தில் கடைக் கூரைமேல் யானை உயரத்துக்குக் 'கொசுறு' என்ற பலகை ஏறிவிட்டது. ஆயிரம் கொசுறு சேர்த்தால் ஒரு சோப்பு. அது கைக்கு வரும்போது குளிக்க ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே என்றான் மீன் வெட்டுகிறவன். தராசக்காவுக்குப் பூங்கொத்து கொடுத்துப் படம் எடுத்தார்கள். அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. பெயரைப் பதிவு செய்தாயிற்று, இனி கார்டில் ஏறாத கொசுறு எதையும் யாரும் கொடுக்கக் கூடாது. படித்துத்தான் கையெழுத்துப் போட்டாள். மூன்று நாள் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலாம் நாள், பழைய வாடிக்கைக்காரப் பெரியவர் பையை மூடாமல் விரித்தபடியே காத்திருந்தார். என்ன செய்வாள், போட்டுவிட்டாள்.

மாப்பிள்ளை கேமராப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். திரையில் அந்த மிளகாய்கள் முதலை அளவுக்கு இருந்தன.

"இது என்ன அக்கா?"

"கொசுறு சார்."

"கார்டுல ஏறலையே. அப்ப இதுக்குத் திருட்டுன்னு பேரு."

"பேர் வெச்சதே நான்தானே சார்?"

"அதனாலதான் கூப்பிட்டு வெச்சு மரியாதையா அனுப்பறேன். வேற ஆளா இருந்தா போலீசுக்குப் போயிருப்பேன்."

"அப்ப நான் வெச்ச பேரையும் எடுத்துடுங்க சார்" என்றாள்.

மாப்பிள்ளைக்கு நிஜமாகவே வருத்தம். "அது இப்ப கடையோட சொத்து அக்கா. வேற கடைக்குப் போனாலும் அந்த வார்த்தையை வியாபாரத்துல சொல்லிடாதீங்க. வக்கீல் நோட்டீஸ் வரும்."

வாசலில் காவலாளி, வேலையாட்கள் எல்லாரிடமும் சொல்வதுபோல, பையைத் திறந்து காட்டச் சொன்னான். குடையும் சாப்பாட்டு டப்பாவும் இருந்தன. டப்பாவையும் திறக்கச் சொன்னான். திறந்து காட்டினாள்.