கையில் கிடைத்த துணி

அருள்செல்வன் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தையல் பிசகிய இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவன் வேலை. அதே ஸ்டிக்கரைத் தன் நாவலிலும் ஒட்டியதுதான் அவனைப் பிடித்த சனி. நாலு வருஷத்தில் முதல் பக்கத்தையே பதினோரு முறை எழுதினான்; ஒவ்வொரு முறையும் எழுத்தைவிட அம்பு அதிகம். எப்படியோ உருண்டு புரண்டு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்துவிட்டது. மிச்சம் ஒரே பக்கம். மங்கலம் பஸ் ஸ்டாப்பில் கதாநாயகி பஸ் ஏறி ஊரைவிட்டுப் போகிறாள். ஏறும்போது நாயகனிடம் என்ன சொல்கிறாள்? எட்டு மாதமாக அந்தப் பெண் படியில் ஒரு காலை வைத்தபடி நிற்கிறாள்.

முடிந்த கதை என்றால்தான் மனைவி கிருத்திகா படிப்பாள். போன நாவலைப் பாதியில் கொடுத்திருந்தான். நாயகனை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்ததோடு அதைக் கைவிட்டதில், அவளுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. இப்போது ஞாயிறு காலை. பத்து நாளைக்கு உடுமலைப்பேட்டையில் அம்மா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். அவள் படிக்காவிட்டால் வேறு யாரும் படிக்கப்போவதில்லை என்பது நாவலாசிரியருக்கே தெரியும்.

"ஏனுங்க, முடிஞ்சுதுங்களா? ஒம்பதரை பஸ்ஸுக்குப் போவோணும்."

"நல்ல வார்த்தையா ஒண்ணுஞ் சிக்க மாட்டேங்குது புள்ள."

கிருத்திகா சாம்பிள் டெய்லர்; ஆர்டர் கொடுக்கும் பையருக்குக் காட்ட மாதிரி உடுப்பு தைப்பவள். சேலையைப் பையில் திணித்தபடி சொன்னாள்: "மொத சாம்பிளுக்கு நீலத்துணி வராட்டி, கையில கெடச்ச ரோஸ் துணியில தெச்சு அனுப்பறமுங்க. பையர் ஒண்ணுஞ் சொல்றதில்ல. அவருக்குக் கை ரெண்டும் கழுத்து ஒண்ணும் இருந்தாப் போதும். கலரெல்லாம் பொறவு பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனாள். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"தோச மாவு ரெண்டு நாளைக்கு வருமுங்க. மோட்டாரப் போட்டா நிறுத்தோணும். பால அடுப்புல வெச்சுட்டு எழுத உக்காந்துறாதீங்க. ராத்திரி போன் பண்ணுங்க, இல்லீனா எனக்குத் தூக்கம் வராது."

அவன் பேனா ஓடியது. 'முற்றும்' போட்டு, ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டாமல், நோட்டுகளை அவள் பையில் வைத்து பஸ் ஏற்றிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. டீக்குப் பால் வைத்துவிட்டு, புது நோட்டில் முதல் பக்கத்தைப் பன்னிரண்டாம் முறையாக ஆரம்பித்தான். போன் அடித்தது. எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள் கிருத்திகா.

"ஏனுங்க, உங்க கதாநாயகி போறபோது மோட்டார நிறுத்தச் சொல்லுதுங்க!"

"கையில கெடச்ச துணி புள்ள. பொறவு நல்லதா மாத்திப்போடறேன்."

வழியில் பஸ் நின்றிருந்த பல்லடம் ஸ்டாண்டின் இரைச்சலுக்கு நடுவில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"மாத்திப் பாருங்க. அம்மா ஊட்டுல பத்து நாளு இருவது நாளாயிரும்." பிறகு, "ஆமாங்க, பால் ஏதாச்சும் வெச்சீங்களா?"

அப்போதுதான் அவனுக்கும் அந்த வாசனை வந்தது.