டெல்மாரின் கட்டைவிரல்

டெல்மார் தகுலாவ் செத்து, பெட்டியில் கிடத்திய பிறகும் அவனுடைய வலது கட்டைவிரல் நொடிக்குப் பதினான்கு தடவை அடித்துக்கொண்டிருந்தது. உயிரோடிருந்தபோது பதின்மூன்றைத் தாண்டியதில்லை. இதைப் பற்றி எங்கள் கடலோர ஊரான புந்தா லீனாவில் இரண்டு கருத்துகள் நிலவின. பயிற்சி வீண்போகவில்லை என்பது ஒன்று. ஆள் ஓய்வெடுத்தால் வேகம் கூடத்தான் செய்யும் என்பது மற்றொன்று.

விரல் வேகம் எங்கள் ஊருக்கு வந்தது குரிங் அம்மாளின் தகரக் கொட்டகை வழியாக, காசு போட்டால் ஓடும் கம்ப்யூட்டர்களோடு. போட்ட ஒரு பெசோ தீர்வதற்குள் விளையாட்டில் தடைகளைத் தாண்டிக் குதிக்க வேண்டுமானால் ஸ்பேஸ் பாரை வேகமாக அடிக்கத் தெரிய வேண்டும். எவ்வளவு வேகம் என்று அளந்து சொல்லும் பக்கம் ஒன்று இணையத்தில் இருந்தது. படகில் மீன் இறக்கிவிட்டு வரும் பையன்கள் அதில் ஆறு, ஏழு என்று வாங்கினார்கள். டெல்மார் மணிக்கட்டைப் பலகையில் ஊன்றி, முழங்கைக்குக் கீழே நரம்பையெல்லாம் இறுக்கி, கை தானாக நடுங்கும்படி விட்டான். அந்த நடுக்கத்தைக் கட்டைவிரலுக்கு மட்டும் அனுப்பப் பழகினான். நகத்தை ஒட்ட வெட்டினான். ஸ்பேஸ் பாரைக் கழற்றி அடியிலிருந்த கம்பிக்குத் தையல் மிஷின் எண்ணெய் விட்டான். எண் ஏறிக்கொண்டே போனது. குரிங் அம்மாளின் ஸ்பேஸ் பார்கள் தேய்ந்த சோப்பு மாதிரி நடுவில் குழிந்தன. "உன் விரலுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வைக்கிறேன்டா, என் கீபோர்ட விட்டுடு" என்பாள்.

கப்பித்தான் எராக்லியோ எங்கள் ஊர்த்தலைவர். இளைஞர்களைக் கெடுப்பதாகச் சொல்லி அந்தக் கொட்டகைக்கு இரண்டு முறை பூட்டுப் போட்டவர். டெல்மார்தான் மாகாணத்திலேயே வேகமானவன் என்று தெரிந்த அன்று, தான் சிறுவயது முதல் விரல் விளையாட்டை ஆதரித்து வருவதைக் கண்டுபிடித்தார். சந்தை முக்கில் பிளெக்ஸ் பேனர் எழுந்தது. வாழ்த்துகிறவரின் முகம் லாரிச் சக்கரம் அளவு. வாழ்த்தப்படுகிறவன் கீழ் மூலையில், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியபடி, சாப்பாட்டுத் தட்டு அளவு. பிறகு கழிப்பறைத் திறப்பானாலும், நாய்களுக்கு ஊசி போடும் முகாமானாலும், டெல்மார் கீபோர்டோடு வந்து அடித்துக் காட்ட வேண்டும் என்றானது. அது தேர்தல் வருடம். எல்லாவற்றையும் திறந்தார்கள்.

தாய் தகப்பன் இல்லாத வீட்டில் டெல்மாரையும் கடைக்குட்டி போதோயையும் வளர்த்தவள் அக்கா லியோனிசா. கருவாடு காயப்போடும் வேலை. அவள் கப்பித்தானிடம் போய், "அவன் தூங்கியே நாளாச்சு. கரண்டியப் பிடிச்சா சோறு பறக்குது" என்றாள். "சாம்பியன் தூங்கினா ஊரே தூங்கிடுமேம்மா" என்று அவர் காபிப் பொட்டலம் கொடுத்தனுப்பினார்.

திருவிழா மேடையில், கப்பித்தான் பேசிக்கொண்டிருக்கும்போது, டெல்மாரின் இதயம் விரலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் நின்றது. விரல் நிற்காததால் யாரும் கவனிக்கவில்லை. பேச்சு முழுதாக முடிந்தது. கைதட்டலும் முடிந்தது.

வீட்டில் பெட்டியை வைத்து, வழக்கப்படி விரல்களில் செபமாலையைச் சுற்றினார்கள். மணிகள் கடகடத்தன. செபம் சொல்ல வந்த பெண்கள் அந்தத் தாளத்துக்கு இழுபட்டு, சோறு கொதிப்பதற்குள் எல்லா மன்றாட்டுகளையும் முடித்துவிட்டு, பிணத்துக்குக் காவலாக விழித்திருக்கச் சீட்டாட உட்கார்ந்தார்கள். கப்பித்தான் சந்தை முக்கிலிருந்த பேனரைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பின்னால் கட்டினார். விரலுக்கு அடியில் கீபோர்டைச் செருகினார். "செத்தவன் அடிக்கக் கூடாதுன்னு எந்த விதியில இருக்கு?" என்று கேட்டார். யாருக்கும் விதி தெரியவில்லை. வெளிநாட்டு நடுவர் வந்து உலக சாதனை என்று கையெழுத்துப் போடும்வரை அடக்கம் கிடையாது என்று அறிவித்தார். வேட்பாளர்கள் மலர்வளையம் அனுப்பினார்கள். அவற்றில் இறந்தவன் பெயரைத் தேட வேண்டியிருந்தது. டெல்மாரின் கன்னம் உள்ளே போகத் தொடங்கியது.

பெட்டியை மூடுமுன் பிணத்தின் கையிலுள்ள செபமாலையின் நூலை அறுக்க வேண்டும். அறுக்காவிட்டால் சாவு அதே வீட்டில் இன்னொருவரைப் பிடிக்கும். இது கப்பித்தானுக்கும் தெரியும். லியோனிசா கெஞ்சியதால் பங்குச்சாமி முன்கூட்டியே அறுத்துவிடச் சம்மதித்து வந்தார். கத்தரிக்கோல் நூலுக்கு அருகே போனதும் விரலின் வேகம் குறைந்தது. அதையும் கப்பித்தான் பார்த்துவிட்டார். "சாமி, அத உள்ள வைங்க. நடுவர் வந்துட்டுப் போகட்டும்." கோயில் கூரைக்குத் தகரம் தருவதாகக் கப்பித்தான் சொல்லியிருந்தார். சாமி உள்ளே வைத்தார்.

மறுநாள் காலை போதோயின் கட்டைவிரல் தட்டின் விளிம்பில் அடிக்க ஆரம்பித்தது.

"சும்மா இருடா" என்றாள் லியோனிசா.

"நான் அடிக்கலக்கா. அதுவா அடிக்குது."

அவள் அதைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்தாள். உயிர் நண்டைப் பிடித்தது போலிருந்தது. சேதி கேட்டு ஓடிவந்த கப்பித்தான் காதைச் சாய்த்துக் கேட்டு, ஏழு இருக்கும் என்று மதிப்பிட்டார். "பரம்பரை!" என்றார். போட்டோக்காரனை வரவழைத்துப் போதோயை அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "பயப்படாத தம்பி. பேனர்ல உனக்கு அவன விடப் பெரிய இடம் ஒதுக்கியிருக்கேன்."

"போட்டோவுக்கு முன்னாடி டெல்மார் கைக்கு ஒரு முத்தம் குடுத்துக்கறேன்" என்றாள் லியோனிசா.

"தாராளமா. ஆனா தாளத்தக் கெடுத்துடாத."

அவள் குனிந்தாள். அடித்துக்கொண்டிருந்த விரல் உதட்டைக் கிழித்தது. ரத்தத்தோடு நூலைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தாள். மணிகள் சிதறிச் சீட்டு மேஜைக்கடியில் ஓடின. டெல்மாரின் விரல் நின்றது. போதோயின் விரலும் நின்றது.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். காற்றே இல்லாத வீட்டில் பேனர் அதிர்ந்துகொண்டிருந்தது. கீழ் மூலைப் படத்திலிருந்த கட்டைவிரல், நொடிக்குப் பதினான்கு. அந்த அதிர்வில் கப்பித்தானின் பெரிய முகம் உதடு துடித்து, கன்னம் இழுத்து, விம்மி அழுவது போலத் தெரிந்தது. போட்டோக்காரன் அதைப் படமெடுத்தான். ஏழை வீட்டில் அழுத தலைவர் என்று அது மாகாணமெங்கும் போனது. பிறகு வந்த தேர்தலில் கப்பித்தான் முன்னெப்போதையும்விட அதிக வாக்கில் ஜெயித்தார்.

"இனி பொதைக்கலாமா?" என்று, படமெடுத்து முடிந்ததுமே, லியோனிசா வாயிலிருந்து ஒரு மணியைத் துப்பிவிட்டுக் கேட்டாள். அன்று மாலையே புதைத்தார்கள். நடுவருக்கு யாரும் கடிதமே போட்டிருக்கவில்லை.

பேனரை யாரும் திரும்பக் கேட்கவில்லை. நல்ல கெட்டி பிளெக்ஸ். லியோனிசா அதை இரண்டாக வெட்டி, கப்பித்தானைப் பன்றிக் கொட்டிலுக்கும் தம்பியை அடுப்படிக்கும் கூரையாகப் போட்டாள். ஆரம்பத்தில் கூரையில் ஓயாத அந்த விரல் சத்தத்தை மழையென்று நினைத்துப் பக்கத்து வீட்டார் கருவாட்டை அள்ள ஓடினார்கள். இப்போது யாரும் எழுந்திருப்பதில்லை. நிஜ மழையில் சில நாள் கருவாடு நனைகிறது. சாப்பிடும்போது போதோய் மட்டும் எப்போதாவது கரண்டியை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பான்.

"மழையாக்கா?"

"இல்ல, அவன்தான். நீ சாப்பிடு."