அடுத்தவன் கடைச் சோறு

என் கணவர் முஜிபுர் ரஹ்மான் மலேசியாவில், குவாந்தானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கே சோறு போடுகிற மனிதர், அடுத்தவன் கடையில் ஒரு கவளம் வாயில் வைக்க மாட்டார். அப்படியே வைத்தாலும் விழுங்குவதற்குள் பத்துக் குறை சொல்லிவிடுவார். எண்ணெய் பழசு, சால்னா தண்ணீர், வெங்காயம் வதங்கவில்லை, மாவு புளித்துவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் பிரியாணிச் சட்டியைத்தான் எட்டிப் பார்ப்பார். பதினேழு வருடமாக இவரோடு குப்பை கொட்டுகிறேன். எந்தக் கடையைப் பற்றியும் "நல்லாருக்கு" என்று சொல்லிக் கேட்டதில்லை.

அந்தப் பதினேழு வருடத்தில் முதல்முறையாக மூன்று நாள் கடையைச் சாத்திவிட்டு ஜேபி என்கிற ஜொகூர் பாருக்குக் கிளம்பினோம். அங்கே இருக்கிற தீம் பார்க்குக்குத்தான். மகன் ஹாரூனுக்கு எட்டு வயது. பெரிய ரோலர் கோஸ்டரில் ஏற நூற்றிருபது சென்டிமீட்டர் உயரம் வேண்டுமாம். கடை ஐஸ்பெட்டிக் கதவில் கோடு போட்டு வைத்துக்கொண்டு தினமும் முதுகை ஒட்டி நின்று பார்ப்பான். பள்ளி விடுமுறை தொடங்கிய அன்று கோட்டைத் தொட்டுவிட்டான். அன்றைக்கே அவனுடைய அக்கா நிலோபர் போனில் டிக்கெட் எடுத்துவிட்டாள். அவளுக்குப் பதினைந்து.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"சோறு கட்ட மாட்டேன். இந்த மூணு நாளாவது நானும் ஆக்கக் கூடாது, நீங்களும் ஆக்கக் கூடாது. மத்தவங்க ஆக்குனத உக்காந்து திங்கணும்."

"அதெல்லாம் வாயில வெக்க முடியாது புள்ள."

"வெக்க முடியலன்னா பட்டினி கெடங்க."

வாயில் வந்ததைச் சொல்லிவிடுவது என் பழக்கம். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது.

ஏனென்றால் அவருக்கு இனிப்புநீர் இருக்கிறது. மாத்திரைக்கு அடங்காமல் ஆறு மாதமாக இன்சுலின் ஊசி. கிளினிக்கில் ஊசி போடக் கற்றுக்கொடுத்த மிஸ்ஸி எங்கள் இருவரையும் உட்கார வைத்து, ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள் பசியாறிவிட வேண்டும், இல்லாவிட்டால் இனிப்பு சட்டென்று இறங்கி ஆள் சுயநினைவே இல்லாமல் போய்விடுவார் என்று படித்துப் படித்துச் சொன்னாள். கிளம்பிய அன்று விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வழக்கம்போல ஊசியைப் போட்டுக்கொண்டார். வழியில் பசியாறிக்கொள்ளலாம் என்று, எங்கள் ஊரில் காடி என்கிற காரை எடுத்தார்.

ரொம்பினில் ஒரு கடையில் நிறுத்தினோம். ரொட்டிக் கல்லைப் பார்த்தார், "கல்லு கழுவி ஒரு வருசம் இருக்கும்" என்று திரும்பி வந்துவிட்டார். பிள்ளைகளும் நானும் பன் வாங்கிக் கடித்தோம். மெர்சிங் வந்தபோது மணி பத்து. படகுத்துறைப் பக்கம் நல்ல கூட்டமுள்ள கடையாகப் பார்த்து உட்கார்ந்தோம். நாங்கள் மூவரும் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, சாப்பிட்டோம். அவர் சீனி போடாத வெறும் டீயை வாங்கி வைத்துக்கொண்டு, சம்பலில் நெத்திலி நமுத்துவிட்டது என்று எனக்கு மட்டும் கேட்கும்படி விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஊசி போட்டிருக்கீங்க. ரெண்டு வாய் திங்க."

"ஜேபி போயி பாத்துக்கலாம் லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீம்பு பிடித்தவருக்கு வயிறு காய்ந்தால்தான் புத்தி வரும் என்று நானும் விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்தே விட்டேன். நிலோபர் மட்டும் பாதி குடித்த பண்டுங்கை, சீனி போட்ட ரோஸ் பாலை, பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி, காடிக்குள் என் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொக்கியில் மாட்டினாள். "பாலா அது? சாயத் தண்ணி" என்று அதற்கும் ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் காடியை எடுத்தார்.

ஜெமாலுவாங் தாண்டினால் கோத்தா திங்கி வரைக்கும் இரண்டு பக்கமும் காடும் செம்பனைத் தோட்டமும்தான். போகிற வழி ஒன்று, வருகிற வழி ஒன்று, நடுவில் ஒரு கோடு. யானை குறுக்கே வரும் என்று மஞ்சள் பலகை வைத்திருப்பார்கள். ஹாரூன் அதை எண்ணிக்கொண்டு வந்தான்.

"நாலு! அத்தா, நாலு யானை!"

அவன் எது சொன்னாலும் பதிலுக்கு ஏதாவது கேலி பேசுகிற மனிதர் ஒன்றும் பேசவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஏர்கான் முகத்தில் அடிக்கிறது, இவருக்கோ நெற்றியிலிருந்து வேர்வை தாடிக்குள் இறங்கி ஓடுகிறது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏங்க, ஓரமா நிறுத்துங்க."

"எதுக்கு?"

"வேர்க்குது உங்களுக்கு. நிறுத்துங்க."

"சும்மா இரு!" என்று கத்தினார். பிள்ளைகள் முன்னால் என்னிடம் அப்படிக் கத்துகிறவர் இல்லை. கத்தியதோடு காலையும் அழுத்தினார். காடி உறுமிக்கொண்டு ஓடியது. ஒரு வளைவில் நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டு மெதுவாக இந்தப் பக்கம் வந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். புறங்கையால் ஓர் அறை விட்டார். காடி இடமும் வலமும் ஆட, நிலோபர் வீறிட்டாள். கையை எடுத்துவிட்டேன். இந்த வேகத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் காடி உருளும் என்று மட்டும் எனக்குத் தெரியும். வேறு எதுவும் தெரியவில்லை. ஓட்டுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்தே பதினாலு வருடம் ஓடிவிட்டது. நிலோபர் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தடவை காடியைப் பின்னால் எடுத்துச் சாக்கடையில் இறக்கிவிட்டேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் அன்றோடு ஓட்டுகிற தைரியம் போய்விட்டது. லைசன்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்துப் பையில் வைத்திருப்பேன்.

"நிலோ, ஆம்புலன்சுக்கு அடி!"

"லைன் இல்லம்மா! போன்ல ஒரு கோடுகூட இல்ல!"

அப்போதுதான் அவர் பேச ஆரம்பித்தார்.

"நாலாம் மேசைக்கு ரொட்டி ரெண்டு. ஒரு தே தாரிக். ஏய், நாலாம் மேசை!"

கண் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பார்வை அங்கே இல்லை. காடிக்குள் என் பிள்ளைகள் இரண்டு பேர், ஓட்டுகிறவரோ குவாந்தானில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறார். யா அல்லாஹ், என் பிள்ளைகளைக் காப்பாற்று, இந்த மனிதரையும் காப்பாற்று, இனி நான் இவரை ஒரு சொல் சொல்ல மாட்டேன் என்று என்னென்னவோ நேர்ந்துகொண்டேன்.

"அத்தா, எனக்கு ஒண்ணுக்கு வருது," என்றான் ஹாரூன். பிள்ளை தன்னால் முடிந்ததைச் செய்து பார்த்தான். அவர் காதில் விழவில்லை.

தூரத்து மேட்டில் ஒரு லாரி தலை காட்டியது. செம்பனைக் குலை ஏற்றிய பெரிய லாரி. எங்கள் காடி மறுபடியும் நடுக்கோட்டின்மேல் ஏறியிருந்தது. லாரிக்காரன் விளக்கை அடித்து அடித்துக் காட்டினான்.

"அஞ்சாம் மேசை யாரு பாக்குறா?" என்றார் அவர்.

எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று கேட்காதீர்கள். கடையில் நான் அவருக்கு மனைவி இல்லை, கேஷியர். எல்லாரையும் போல முதலாளி என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் கடையில் யார் எதைத் தொட்டாலும் விடுவார், கேஸ் அடுப்பை அணைப்பதை மட்டும் யாரிடமும் விட மாட்டார். கேஸ் நாற்றம் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து திருகுவார்.

கல்லாவில் உட்கார்ந்து சமையல்கட்டுக்குக் குரல் கொடுக்கிற மாதிரியே அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டேன்.

"முதலாளி! கேஸ் நாத்தம் அடிக்குது! அணைங்க!"

அவர் தலை திரும்பியது.

"எங்க?"

"இங்கதான், கைக்குக் கீழ! திருகுங்க முதலாளி!"

எங்களுடையது பழைய மைவி காடி, சாவி போட்டுத் திருகுகிற ரகம். அவர் கை ஸ்டீயரிங்கை விட்டு இறங்கித் தேடியது. சாவியைப் பிடித்தது. திருகியது.

எஞ்சின் சத்தம் நின்றுபோனது. டயர் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் பாய்ந்து ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் என் பக்கம் இழுத்தேன். கல்லாகக் கனத்தது. "கால எடுங்க, கால எடுங்க" என்று கத்தியபடி இழுத்தேன். காடி கோட்டை விட்டு இறங்கிய நேரம் லாரி எங்களை உரசாத குறையாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. காடி முழுவதும் குலுங்கியது. வேகம் அடங்க அடங்க ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். இடப்பக்கச் சக்கரங்கள் புல்லில் இறங்கி, காடி சாய்ந்து நின்றது.

"அணைச்சாச்சு," என்று சொல்லிவிட்டு அவர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"அந்த பண்டுங்க எடு!" என்றேன் நிலோபரிடம்.

அவர் தலையை நிமிர்த்தி ஸ்ட்ராவை உதட்டில் வைத்தேன். துப்பினார். மறுபடி வைத்தேன். தாடியெல்லாம் ரோஸ் நிறமாக வழிந்தது. "குடிங்க, என் ராசால்ல, ஒரு வாய் குடிங்க" என்று கெஞ்சினேன். பிறகு கெஞ்சல் தீர்ந்துபோய், "குடிய்யா!" என்று அதட்டினேன். தொண்டை அசைந்தது. ஒரு மிடறு. இன்னொன்று. அவர் சாயத் தண்ணி என்று சொன்னதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்ச வைத்தேன்.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அவர் கண் என்னைத் தேடிப் பிடித்தது. "பஸீலா" என்று என் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான், மறுபடியும் சொருகியது. இது போதாது, இனிப்பு மறுபடியும் இறங்கிவிடும், சோறு வேண்டும், டாக்டர் வேண்டும். நாங்கள் நின்றதோ வளைவில். ஒவ்வொரு லாரியும் எங்களுக்குப் பின்னால் கிட்டே வந்த பிறகுதான் எங்களைப் பார்த்து ஒடித்துத் திருப்பியது.

நானும் நிலோபரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அவரை இறக்கி, காடியைச் சுற்றி நடத்திக்கொண்டு வந்தோம். சொன்னபடி நடந்தார். இந்தப் பக்கச் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டேன். பிறகு அந்தப் பக்கம் போய் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"அம்மா, நீங்களா?" என்றாள் நிலோபர்.

"வேற யாரு இருக்கா? அத்தாவோட தலையப் பின்னாலேருந்து புடிச்சுக்க. பேச்சுக் குடுத்துக்கிட்டே வா."

சாவியைத் திருகக் கை வரவில்லை. சாக்கடையில் சாய்ந்த காடியும் பின்சீட்டில் அழுத குழந்தையும் கண்முன்னால் வந்து நின்றன. பிஸ்மில்லா என்று சொல்லித் திருகினேன். காடி துள்ளிக்கொண்டு ரோட்டில் ஏறியது. எவனோ ஹாரன் அடித்தான், அடிக்கட்டும்.

"ஹாரூன், யானைய எண்ணு. சத்தமா எண்ணு."

"எத்தனை வரைக்கும் எண்ணினேன்னு மறந்துட்டேன்மா," என்று அழுதான்.

"ஒண்ணுலேருந்து எண்ணு லா!"

"ஒண்ணு," என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. கோத்தா திங்கி வரைக்கும் என்று நினைத்து நான் ஓட்டவில்லை. அடுத்த யானைப் பலகை வரைக்கும் ஓட்டினேன். பிறகு அதற்கு அடுத்தது வரைக்கும். எதிரே லாரி வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஏழாவது பலகையில் அவர் முனகினார். ஒன்பதாவதில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், தலைக்கு மேலே இருந்த கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கோத்தா திங்கியில் முதலில் கண்ணில் பட்ட கிளினிக்கில் காடியைக் கோணலாக நிறுத்தினேன். விரலில் குத்திப் பார்த்தார்கள், சீனித் தண்ணீர் கொடுத்தார்கள், மறுபடி குத்திப் பார்த்தார்கள். ரோட்டிலேயே முழுசாக மயங்கியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். இப்போது பயமில்லை, உடனே வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், இன்றைக்கு இவர் காடியைத் தொடக் கூடாது என்றார்.

எதிர்வரிசையில் கபீர் என்ற பெரியவரின் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தோம். மதியக் கூட்டம் இன்னும் வரவில்லை. தட்டில் இரண்டு ரொட்டி வந்தது, ஆறிப்போனது, ஓரமெல்லாம் தடித்துக் கிடந்தது. சால்னாவில் எண்ணெய் தனியாக மிதந்தது. எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பிள்ளைகள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் பிய்த்தார், தோய்த்தார், சாப்பிட்டார். தலையைத் தூக்கவே இல்லை. தட்டைத் துடைத்து எடுத்தார்.

"சால்னா எப்படி பாய்?" என்று கேட்டார் கபீர் பாய். எந்தக் கடைக்காரரும் கேட்கிறதுதான்.

"நல்லாருக்கு பாய்," என்றார் என் கணவர்.

லாரி வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது வரவில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் பொத்துக்கொண்டு வந்தது. அவர் எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சீலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு அழுதேன்.

"மெர்சிங்ல உங்க வாயில ஊட்டியாவது விட்டிருக்கணும்," என்றேன். "வேணும்னே சும்மா விட்டுட்டேங்க."

"நீ என்ன பண்ணுவ? வாயி என்னோடது," என்றார்.

ஹாரூன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கேட்கலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்திருப்பான் போல.

"அத்தா, நாம இன்னும் தீம் பார்க் போறோமா?"

அவர் காடிச் சாவியை மேசையில் என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"அம்மாவக் கேளு. அவதான் ஓட்டணும்."

சாவியைப் பார்த்தேன். ஜொகூர் பாருக்கு இன்னும் ஒரு மணி நேர வழி இருக்கிறது. எனக்குப் பயம் கொஞ்சமும் குறையவில்லை.

"போலாம்," என்றேன். "அத்தா இன்னொரு ரொட்டி சாப்பிடட்டும்."

அவர் கையைத் தூக்கி இன்னொரு ரொட்டி கேட்டார்.