கீழ்க்குசினிக்குக் கேட்காத வோக்கிடோக்கி

மகளின் கல்யாணத்துக்கு மூன்று வோக்கிடோக்கி வாங்கியபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். என் கள்ளத்தனம் அவர்களுக்குத் தெரியாது. மணவறைப் பொறுப்பை நவரட்ணம் அண்ணைக்கும், கீழ்த்தளத்துக் குசினியில் சாப்பாட்டுப் பொறுப்பைத் தம்பி அன்புராசாவுக்கும் கொடுத்திருந்தேன். மூன்றாவது வோக்கி வாசலில் ஆட்களை வரவேற்கும் தம்பி மனைவி அன்ரனெற்றுக்கு. அண்ணையும் தம்பியும் பல வருடமாகக் கதைப்பதில்லை. தாலி ஏறியதும் சாப்பாடு மேலே வரவேண்டுமென்றால் கதைத்துத்தானே ஆகவேண்டும்?

சண்டை அப்பாவின் மரண அறிவித்தலால் வந்தது. தமிழ் ரேடியோவுக்கு அறிவித்தல் கொடுத்தது அண்ணை. மருமக்களின் பெயர்களில் அன்ரனெற்றின் பெயர் விடுபட்டுவிட்டது. அவள் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி என்பதால் வேண்டுமென்றே விட்டதாகத் தம்பி நினைத்தான். மறந்துவிட்டேன் என்று ஒரு சொல் சொல்ல அண்ணைக்கு வாய் வரவில்லை. என் பிள்ளையின் மணவறையில் இரண்டு தாய்மாமன்களும் சேர்ந்து நிற்கவேண்டும். எனக்கு அந்த ஒரு ஆசைதான்.

நான் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைத்தது. அஜின்கோர்ட்டில் நாங்கள் எடுத்த மண்டபத்தில் மேலே அண்ணை கத்தினால் கீழே வெறும் இரைச்சல்தான் கேட்டது. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் மண்டபத்து ஒலிபெருக்கிக்காரன் மாக்கஸைப் பிடித்தேன். இதைவிடப் பெரிய வோக்கி வாங்கினாலும் இந்தக் கொங்கிறீட்டுக்குப் பெரிதாக உதவாது என்றான். இடுப்பில் செருகாமல் கையில் எடுத்து அன்ரெனாவை நேராகப் பிடிக்கட்டும், குசினியின் இரும்புக் கதவு திறந்திருக்கட்டும், இருவரும் படிக்கட்டுப் பக்கம் வரட்டும் என்றான்.

தண்ணீர்ப் போத்தல் பெட்டி ஒன்றைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். அண்ணைக்குப் படிக்கட்டின் மேல்முனை, தம்பிக்குக் கீழ்முனை என்று காட்டிவிட்டு மணவறைக்கு ஓடினேன்.

தாலி ஏறியதும் படிக்கட்டுக்குத் திரும்பி வந்தேன். சத்தம் இன்னும் விட்டுவிட்டுத்தான் வந்தது. அண்ணை ஒரு படி இறங்கினார். தம்பி ஒரு படி ஏறினான். இப்படியே வந்து திருப்பத்தில் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். வோக்கியை இருவருமே கீழே இறக்கவில்லை.

"அன்புராசா, கேக்குதோ?" என்றார் அண்ணை, வோக்கிக்குள்.

"கேக்குது. சாப்பாடு ரெடி."

அண்ணை மறுபடியும் பொத்தானை அமத்தினார். "அப்பான்ரை அறிவித்தலிலை அன்ரனெற்றின்ரை பேரை நான் மறந்துதான் போனன். வேணுமெண்டு விடேல்லை. அதைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது."

அண்ணை பொத்தானை விட்டார். அப்போது வாசலிலிருந்து அன்ரனெற்றின் குரல் இரண்டு வோக்கியிலும் தெளிவாக வந்தது.

"கேட்டது அத்தான். இவரையும் கூட்டிக்கொண்டு மணவறைக்கு வாங்கோ. படம் எடுக்கப் பாத்துக்கொண்டு நிக்கினம்."

தம்பி மீதிப் படிகளை ஏறினான். அண்ணை அவன் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனார். சாப்பாட்டை மேலே அனுப்பச் சொல்லக் குசினியில் ஒருவரும் இருக்கவில்லை. பிந்தினால் பிந்தட்டும் என்று நான் அந்தப் படியிலேயே இருந்து அழுதேன்.