பாம்புத் தொட்டியில் ஹாலிஸ் கிராப்ட்ரீ ஆற்றிய உரை

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எங்கள் ஊர் பாப்டிஸ்ட் தேவாலயத்து வேதபுத்தகத்தின் மேல் இடது கையை வைத்துக்கொண்டு, வலது கையால் இதை எழுதுகிறேன். மூன்று முறை ஞானஸ்நானம் பெற்றவன் நான். முதல் இரண்டும் சரியாகப் பிடிக்கவில்லை என்று போதகரே திரும்பக் கூப்பிட்டு முக்கினார். அப்படிப்பட்டவன் பொய் சொல்லிவிட்டு எங்கே போய் ஒளிவது?

ஹாலிஸ் கிராப்ட்ரீ மேற்கு ஓக்லஹோமாவில் எங்கள் தொகுதிக்காக வாஷிங்டன் பிரதிநிதிகள் சபையில் உட்கார்ந்திருந்தவர். நான் அவருடைய வண்டியோட்டி. பாதி நாடு அவரைத் திட்டியது, மீதி நாடு அவர் படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியது. தலைநகரப் பத்திரிகைகள் அவரைக் கற்காலத்து மனிதன் என்று எழுதின. கற்காலத்தில் வருமான வரி கிடையாதே என்று எங்கள் ஊரில் கேக் வெட்டினார்கள்.

ஒவ்வொரு வசந்தத்திலும் அவர் ஒரு மசோதா கொண்டுவருவார். வரி அலுவலகத்தை இழுத்து மூட ஒன்று. ஐக்கிய நாடுகள் சபையை நியூயார்க்கிலிருந்து கிளப்பிக் கடலில் எங்காவது ஒரு தீவில் வைக்க ஒன்று. தலைநகரத்தையே பெயர்த்து எங்கள் மாட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் நட ஒன்று. நாடு கொந்தளிக்கும். மாணவர்கள் அட்டை பிடிப்பார்கள். தொலைக்காட்சியில் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடிக்காத குறை. இவருக்கு ஏன் இந்த வெறி என்று பெரிய பெரிய பேராசிரியர்கள் புத்தகம் எழுதினார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். பாம்பு.

எங்கள் ஊரில் வசந்தம் வந்தால் பாம்புத் திருவிழா. பாறை இடுக்குகளில் குளிர்காலத்தைத் தூங்கிக் கழித்த, வால் நுனியைக் கிலுக்கி மிரட்டும் விஷக் கிலுகிலுப்பைப் பாம்புகளைக் கொக்கி போட்டு இழுத்துவந்து, மாட்டுக் கொட்டகை நடுவில் பலகை அடித்துக் கட்டிய தொட்டியில் கொட்டுவார்கள். ஓட்டுக் கேட்கிறவன் எவனாக இருந்தாலும் அந்தத் தொட்டிக்குள் இறங்கி, நடுவில் நின்று, தொப்பியைக் கழற்றி ஜனங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நடந்தே வெளியே வர வேண்டும். அலறிக்கொண்டு குதித்தால் அவன் பெயரை அந்தப் பக்கத்தில் பன்றிக்குட்டிக்குக்கூட வைக்க மாட்டார்கள். ஹாலிஸுக்குப் பாம்பு என்ற சொல்லைக் கேட்டாலே காது மடல் வெளுத்துவிடும். அதனால்தான் சரியாகத் திருவிழா வாரத்தில் நாட்டையே உலுக்குகிற மாதிரி ஒரு மசோதாவைப் போட்டுவிட்டு, "சபையில் முக்கியமான வேலை" என்று வாஷிங்டனிலேயே பதுங்கிக்கொள்வார். அரசு தலையிடக் கூடாது என்பவர்கள் எல்லோரும் மாட்டிவைக்கும், "என்னை மிதிக்காதே" என்று எழுதிய மஞ்சள் கொடி அவருடைய அலுவலகத்திலும் இருந்தது. அதில் சுருண்டிருக்கும் பாம்பு தெரியாதபடி முன்னால் ஒரு பூந்தொட்டியை வைத்திருந்தார்.

இந்த ஏற்பாடு கெய்லன் ப்ரூயிட் வரும்வரை நன்றாகத்தான் நடந்தது. ப்ரூயிட் டிரக் விற்கிறவன். ஹாலிஸ் கட்சிதான். வலதுசாரி ஹாலிஸுக்கும் வலப்பக்கம் நிற்க இடமே இல்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவன் அங்கே ஒரு கடையே போட்டுவிட்டான். எங்கள் தொகுதியில் எதிர்க்கட்சிக்காரன் நின்றால் அவன் வீட்டு நாய்கூட அவனோடு தெருவில் நடக்காது. கட்சிக்குள் நடக்கும் தேர்தலில் ஜெயித்தவன்தான் வாஷிங்டன் போவான். ப்ரூயிட் நெடுஞ்சாலை நெடுகப் பலகை வைத்தான்: "ஹாலிஸ் எங்கே? பாம்பைக் கேளுங்கள்." அந்த வருஷம் பார்த்துத் திருவிழா வாரத்தில் சபைக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். தொட்டியில் இறங்கினால் உயிர் போகலாம். இறங்காவிட்டால் பதவி நிச்சயம் போகும்.

திருவிழாவுக்குப் போகிற வழியில் ஹாலிஸ் பின் சீட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தொப்பியைப் பிசைந்துகொண்டே வந்தார்.

"லூதர், மெதுவாப் போடா."

"மெதுவாத்தான் சார் போறேன். இப்பத்தான் ஒரு டிராக்டர் நம்மள முந்திட்டுப் போச்சு."

"இன்னும் மெதுவா."

"இதுக்கு மேல மெதுவான்னா வண்டிய நிறுத்தணும் சார்."

"நிறுத்தேன். நான் என்ன வேணாம்னா சொன்னேன்?"

நிறுத்தவில்லை. எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டோம். கொட்டகை வாசலில் தொட்டிக்குப் பொறுப்பான நெட்டி ஸூட்டர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பள்ளியில் ஹாலிஸோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். ஒருமுறை ஒரு பாம்பு அவளைக் கடித்தது; பாம்புக்கு மூன்று நாள் காய்ச்சல்.

"வாய்யா ஹாலிஸு! இத்தனை வருஷமா வாஷிங்டன் பாம்புங்களோடயே குடித்தனம் பண்ணிட்ட. நம்ம ஊர்ப் பாம்பு உனக்கு என்னய்யா பாவம் பண்ணுச்சு?"

"வேலை நெட்டி. நாட்டு வேலை." குரல் ஒரு பூனைக்குட்டிக் குரல்போல வந்தது.

"நாடு எங்கயும் போயிராது. இறங்கு. தொப்பி பிடிக்க ஒருத்தரைக் கூட்டிக்கலாம், அது பழைய வழக்கம்."

ஹாலிஸ் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"லூதர் பிடிப்பான்."

"சார், எனக்கு முட்டி வலி."

"எனக்கும்தாண்டா. வா."

பலகை மேல் சாய்ந்து நின்ற ப்ரூயிட் கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்: "தொப்பி பிடிக்க ஆள் சரி, ஐயா. பேண்ட்டைப் பிடிக்க ஆள் வேணாமா?" கொட்டகையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பேண்ட்டையும் யாராவது பிடித்தால் தேவலை என்று இருந்தது.

நெட்டி என் காதில் சொன்னாள்: "காலைத் தூக்கி வைக்காதீங்க. தரையோட இழுத்து இழுத்து நகருங்க. தரை அதிர்ந்துச்சுன்னா அதுங்க சும்மா இருக்காது. அப்புறம் நான் பொறுப்பில்ல."

இறங்கினோம். தரை தெரியவில்லை. தரை இருக்க வேண்டிய இடம் முழுக்க நெளிந்தது. பக்கத்துக் கடையில் பாம்புக் கறி பொரித்துக்கொண்டிருந்தார்கள். வாணலியின் சத்தமும் வால்களின் சத்தமும் ஒன்றாக இருந்ததால் எது பொரிகிறது, எது மிரட்டுகிறது என்று பிரிக்க முடியவில்லை. ஒரு ஓரத்தில் வேலிக்கம்பம் என்று நினைத்துக் கையை ஊன்றப் போனேன். கம்பம் நாக்கை நீட்டியது. என் இதயம் தொண்டைக்கு வந்து, அங்கும் பத்திரமில்லை என்று கீழே போய்விட்டது.

காலை இழுத்து இழுத்து நடுவுக்கு வந்தோம். ஹாலிஸ் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். இனி ஒரே ஒரு வணக்கம், அப்புறம் வெளியே. அவர் வாயைத் திறந்தார். அப்போது சுற்றிலும் பார்த்தார். தொட்டி முழுக்கப் பாம்புகள் தலையை உயர்த்தி, கண் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அங்கேதான் தப்பு நடந்தது. வேறு யாராக இருந்தாலும் மயங்கி விழுந்திருப்பான். ஆனால் ஹாலிஸ் வாஷிங்டனில் சாயங்கால வேளையில், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, காலி நாற்காலிகளைப் பார்த்து முழங்கிப் பழகியவர். ஊரில் உள்ள ஜனங்களிடம்கூடத் தொலைக்காட்சிக் கேமரா வழியாகத்தான் பேசுவார். இத்தனை தலைகள் ஒன்றாக நிமிர்ந்து, எழுந்து போகாமல் தன்னைக் கவனிப்பதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. பயத்தில் புத்தி நின்றுவிட்டது. வாய் மட்டும் பழக்கத்தில் ஓடியது.

"என் அருமை நண்பர்களே! பக்கத்து வீட்டுக்காரர்களே!"

அது அவருடைய தேர்தல் பிரசாரப் பேச்சு. ஆரம்பித்தால் முடிக்காமல் விடமாட்டார்.

புழுதிப் புயலில் அவர் தாத்தா நடந்துவந்த கதையை ஆரம்பித்தார். கிலுகிலுப்புச் சத்தம் இன்னும் கூடியது. ஆனால் வருமான வரி வந்ததும் முன்னால் இருந்த பாம்புகள் தலையைத் தாழ்த்தின. மத்திய அரசின் மேய்ச்சல் நில விதிகளுக்குப் போனபோது தொட்டியின் பாதி ஓய்ந்தது. விதிகளை உட்பிரிவோடு சொல்லத் தொடங்கியபோது கடைசி வாலும் அடங்கியது. பாம்புகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கின. ஒரு பெரியது என் பூட்ஸ் மேல் சுருண்டு, தலையை என் காலுறை ஓரத்தில் வைத்துக்கொண்டது. அதன் மூச்சு கணுக்காலில் படுவது எனக்குத் தெரிந்தது. கூட்டத்தில் யாரும் அசையவில்லை. நெட்டியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிழைத்தோம் என்று நினைத்தேன். அப்புறம்தான் பேச்சின் முடிவு ஞாபகம் வந்தது.

என் மனைவியின் குரலைவிட அந்தப் பேச்சை நான் அதிகம் கேட்டிருக்கிறேன். மேய்ச்சல் நிலம் முடிந்ததும் தாத்தாவின் பசு சாகும். பசு செத்ததும் தேவாலய மணி அடிக்கும். மணி அடித்ததும் ஹாலிஸ் குரலை உயர்த்தி, "வாஷிங்டன் நம்மள மிதிக்குது! இப்படி! இப்படி! இப்படி!" என்று பூட்ஸ் காலால் மேடையை ஓங்கி ஓங்கி மிதிப்பார். ஒருமுறை நூலகத் திறப்பு விழாவில் மிதித்த மிதியில் நூலகம் மூடப்பட்டது.

பசு செத்தது.

"சார்," என்றேன் உதட்டுக்குள்.

காதில் விழவில்லை. மணி அடிக்க ஆரம்பித்தது.

"சார், மிதிக்காதீங்க. கெஞ்சிக் கேக்கறேன், மிதிக்காதீங்க."

ஹாலிஸின் முகம் மலர்ந்தது. "பாருங்க! இந்த ஏழை வண்டியோட்டிகூட அதைத்தான் சொல்றான்! மிதிக்காதீங்க! அதைத்தானே நாம இத்தனை வருஷமா கேக்கறோம்!"

வலது பூட்ஸ் மேலே எழுந்தது. அதற்கு நேர் கீழே தடியான ஒன்று நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கத்தத் தைரியமில்லை, ஓட இடமில்லை. வாஷிங்டனில் அவருக்காகக் காத்திருந்து, சபையின் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து நான் கேட்டிருந்த ஒரே ஒரு வாக்கியம் எங்கிருந்தோ நாக்கில் வந்தது. சபாநாயகர் குரலில், தணிவாகச் சொன்னேன்:

"மாண்புமிகு உறுப்பினரின் நேரம் முடிந்தது."

பூட்ஸ் அந்தரத்தில் நின்றது. எத்தனையோ வருஷங்களாக அந்த வாக்கியத்துக்கு நின்று பழகிய மனிதர். ஆனால் பழக்கம் அதோடு முடியவில்லை.

ஒற்றைக் காலில் நின்றபடியே ஹாலிஸ் பணிவாகச் சொன்னார்: "சபாநாயகரே, இன்னும் ஒரு நிமிஷம் கேக்கறேன். யாருக்கும் ஆட்சேபம் இல்லேன்னா..."

அந்தச் சபையில் இப்படிக் கேட்டால் ஒரே ஒருவர் எதிர்த்தாலும் போதும், நிமிஷம் கிடையாது. எல்லோரும் சும்மா இருந்தால் கிடைத்துவிடும். நான் "ஆட்சேபம்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நெட்டிக்குச் சபை விதி தெரியாது. ப்ரூயிட்டுக்குத் தெரியும், பலகைக்கு அந்தப் பக்கம் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு, அந்தப் பூட்ஸ் கீழே வருவதற்காகக் காத்திருந்தான். ஹாலிஸ் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். யாரும் பேசவில்லை. பூட்ஸ் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, நான்காவது ஞானஸ்நானம் வாங்காமல் போனதற்காக வருந்தினேன்.

அப்போது என் காலில் கிடந்த பாம்பு, தூக்கத்திலேயே, வாலை ஒரு தரம் கிலுக்கியது.

ஹாலிஸ் தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஆட்சேபம் வந்திருச்சு," என்றார் வருத்தத்தோடு. கூட்டில் முட்டை வைக்கிற மாதிரி பூட்ஸை மெல்லக் கீழே இறக்கினார். என் கையிலிருந்து தொப்பியை வாங்கினார். நான் என் பாம்பின் தலையைக் காலுறையிலிருந்து, தூங்கும் குழந்தையை எடுப்பதுபோல எடுத்துப் பக்கத்தில் இருந்த பாம்பின் மேல் வைத்தேன். காலை இழுத்து இழுத்து வெளியே வந்தோம். கொட்டகையில் கைதட்டல் எழுந்தது. அந்தச் சத்தத்தில் தொட்டி முழுக்க விழித்து, இரைந்து சீறியது.

நெட்டி கதவைப் பிடித்துக்கொண்டு, "தம்பி ப்ரூயிட், உன் முறை. நல்லா முழிச்சிருக்குதுங்க, ஒரு பேச்சுப் பேசிட்டு வா," என்றாள்.

ப்ரூயிட் தொட்டியைப் பார்த்தான். "கடையில அவசரமா ஒரு ஆள் காத்திருக்கார்க்கா," என்று சொல்லிவிட்டு, தான் விற்ற டிரக்குகளிலேயே வேகமான ஒன்றில் ஏறிப் போனான். அடுத்த மாவட்டத்தில் பெட்ரோல் போட நிறுத்தினான் என்று கேள்வி.

திரும்பும்போது ஹாலிஸ் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"லூதர், அந்த ஆட்சேபம் சொன்னது யாருடா?"

"சரியாப் பாக்கல சார்."

"நம்ம கட்சியா இருக்கும்," என்றார்.

அந்தத் தேர்தலில் அவர் ஜெயித்தார். சாகும்வரை அந்த நாற்காலியை விடவில்லை.

அவர் செத்த வருஷம் வசந்தத்தில், துக்கம் காத்ததோ என்னவோ, ஒரு பாம்புகூடச் சிக்காததால் எங்கள் ஊரில் திருவிழாவே நடக்கவில்லை.