மூச்சு விட அவகாசம்

மூக்கையும் வாயையும் சேர்த்துக் கவ்வியிருந்த முகமூடியை சேனாபதி மறுபடியும் பிய்த்தார்.

"ஏனுங்க, கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க!" சாந்தி அதைப் பிடுங்கிப் புருஷன் முகத்தில் திரும்ப மாட்டினாள். காலையிலிருந்து இதே மல்லுக்கட்டுதான். நிமோனியா. முகமூடிக்குள் காற்று புஸ் புஸ்ஸென்று சீறியது. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே மில்பிடாஸ் வெயில் ஒன்றும் நடக்காதது போல் காய்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் உள்ளே வந்தாள். வியட்நாம்காரப் பெண்; மகள் கயலைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள்.

"இனி முகமூடி தாங்காது. தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைத்தால் கொஞ்ச நாள் அவகாசம் கிடைக்கும். அதற்குள் மருந்து வேலை செய்தால் பிழைத்துக்கொள்வார். ஆனால், அட்மிட் ஆன அன்றே குழாய் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இப்போதும் அதேதானா? கேட்டுச் சொல்லுங்கள்."

சொன்னது வாஸ்தவம்தான். தெளிவான இங்கிலீஷில், ஜோக்கோடு சொன்னார். ஓடாத மில்லுக்குக் கரண்ட் எதற்கு டாக்டர் என்றார். டாக்டர்கூடச் சிரித்தாள். அன்றைக்கு அவருக்கு மூச்சு இருந்தது.

இன்றைக்கு அந்த இங்கிலீஷையே காணோம். முப்பது வருஷம் மேடை மேடையாகப் பேசிய இங்கிலீஷ். பல்லடத்துத் தமிழ் மட்டும்தான் மிச்சம். நர்ஸ் மொழிபெயர்ப்பாளர் லைனுக்குப் போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். காத்திருக்கச் சொல்லிப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தது அது.

சேனாபதி சாந்தியின் மணிக்கட்டைப் பிடித்தார். இன்னொரு கையால் முகமூடியைத் தூக்கினார்.

"போடச் சொல்லு."

"என்னதுங்க?"

"கொழாய்... போடச் சொல்லு சாந்தி. கொஞ்ச நாள்... மூச்சு விட டைம்..."

இதே பேச்சைச் சாந்தி தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கேட்டிருக்கிறாள். பேசியவன் அவள் தம்பி வேலுமணி.

"மச்சான், ஆர்டர் கையில இருக்குங்க. ஸ்டேட் லோன் குடுத்தா ஆறு மாசம் மூச்சு விட டைம் கெடைக்கும். ப்ளாண்ட் தப்பிச்சுக்கும். நானூறு குடும்பம்ங்க மச்சான்."

சோலார் பேனல் செய்கிற ஃபேக்டரி. வேலுமணி அங்கே ஷிஃப்ட் சூப்பர்வைசர். அதை அரசாங்கம் தூக்கி நிறுத்தலாமா கூடாதா என்று மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் விசாரணை. பொருளாதார நிபுணர் என்று பேசக் கூப்பிட்டிருந்தது சேனாபதியை.

"மாப்ள, பூட்டற தேதியைத் தள்ளிப்போடறதுக்குப் பேரு உதவி இல்ல. இன்னிக்கு ஒருத்தனுக்குக் குடுத்தா நாளைக்கு ஊரே க்யூ கட்டும். வரிப்பணம் என்ன உங்கப்பாரு தோட்டத்துத் தண்ணியா, நெனச்ச பக்கம் மடை மாத்தி உடறதுக்கு?" ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"அவனுக்கு டயாலிசிஸ் ஓடிட்டிருக்குதுங்க. இன்சூரன்ஸ் அந்த வேலையிலதான்," என்றாள் சாந்தி.

"சென்டிமென்ட் வேற, பாலிசி வேற. அப்பளம் எங்க?"

போனார், பேசினார், கைதட்டு வாங்கி வந்தார். ஃபேக்டரியைப் பூட்டினார்கள். வேலையோடு இன்சூரன்ஸும் விசாவும் போயின. வேலுமணி பல்லடத்துக்குத் திரும்பினான். வாரம் மூன்று முறை ஓட வேண்டிய டயாலிசிஸ் இரண்டாயிற்று, ஒன்றாயிற்று, ஒரு நாள் நின்றே போயிற்று. சாவுச் செய்தி வந்தபோது சேனாபதி லேப்டாப்பை மூடக்கூட இல்லை. "தானா நிக்க முடியாததை யாரு தாங்கி நிறுத்த முடியும்? பாவம்," என்றார்.

"என்ன சொல்கிறார்?" டாக்டர் கேட்டாள்.

சாந்தி முகமூடியை அவர் முகத்தில் பொருத்தினாள். பட்டையை ஒரு பிடி அதிகமாகவே இழுத்து மாட்டினாள்.

"நோ ட்யூப்," என்றாள். "ஹி ஸேஸ் நோ ட்யூப்."

சேனாபதியின் கண்கள் பிதுங்கின. தலை இடமும் வலமுமாக ஆடியது. இல்லை, இல்லை, இல்லை என்று ஆடியது.

டாக்டர் அதைப் பார்த்துத் தலையசைத்தாள். வேண்டாம் என்கிறவர் வேறெப்படி ஆட்டுவார்?

வாசலில் கயல் நின்றுகொண்டிருந்தாள். கையில் இரண்டு காபி. குழாய் என்ற பேச்செடுத்தபோதே வந்துவிட்டாள். இங்கே பிறந்த பெண். தமிழ் பேச வராது, ஆனால் ஒரு சொல் விடாமல் புரியும். ஸ்விம்மிங் கிளாஸுக்கு அவளைத் தினமும் கொண்டுபோய் விட்டவன் வேலுமணி மாமா. தலை துவட்டி விட்டவனும் அவன்தான்.

"மகள்தானே? உங்கள் காதிலும் அப்படித்தான் விழுந்ததா?" டாக்டர் கேட்டாள்.

கயல் அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவை. காபியை ஜன்னலோரம் வைத்தாள்.

"யா," என்றாள். "தட்ஸ் வாட் ஹி செட்."

டாக்டர் சேனாபதியின் தோளை மெல்லத் தட்டினாள். வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு மார்ஃபினுக்குப் போனாள். நர்ஸும் பின்னாலேயே போனாள்.

பியானோ சட்டென்று நின்றது.

"வணக்கமுங்க," என்றது ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், கோயமுத்தூர்ப் பக்கத்துக் குரல். "காக்க வெச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க. உங்களுக்கு என்ன உதவி வேணுமுங்க?"

சேனாபதியின் கண்கள் போன் இருந்த பக்கம் பாய்ந்தன. முகமூடிக்குள் வாய் திறந்து திறந்து மூடியது. காற்றுச் சீற்றம்தான் கேட்டது.

"ஹலோ? ஆராச்சும் இருக்கீங்களா?"

கயல் எட்டி, போனை அணைத்தாள்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. நர்ஸ் கண்களை மூடிவிட்டு, போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

கயல் ஜன்னலோரத்திலிருந்து ஒரு காபியை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். மற்றதைத் தான் எடுத்துக்கொண்டாள். ஆறி, ஏடு கட்டியிருந்தது. இரண்டு பேரும் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள்.