முக்காலின் வர்க்கம்

எப்போதும்வென்றான் கிராமத்தில் மழை விட்டதும் உளுந்தோடு போட்டி போட்டுக் களை ஏறியது. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. கோவில்பட்டியில் குரூப் ஃபோர் தேர்வுக்கான சனி, ஞாயிறு வகுப்பு தொடங்க இருந்தது. சுடலைக்குமாருக்கும் அவன் மனைவி மாரித்தாய்க்கும் அதில் சேர ஆசை. ஒருவர்தான் போகலாம். மற்றவர் உளுந்துக் காட்டில் களையெடுக்க வேண்டும்.

"பழைய வினாத்தாள்ல ஒரு கணக்கு. மொதல்ல முடிக்கவங்க போவட்டும்" என்று சொன்னது அவன்தான். போன தேர்வைக் கொஞ்சத்தில் தவறவிட்டவன். உளுந்து மண்டியில் எடை போடுகிறவன். தராசில் தசமங்களோடு நாள் முழுக்கப் பழக்கம். தோற்போம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அவன் தங்கை சுந்தரேஸ்வரி ஒரு கணக்கைப் பொறுக்கி இருவருக்கும் எழுதிக் கொடுத்தாள்.

(0.75)² × 5⅓ ÷ (0.5)³

சுடலைக்குமார் 0.5625 என்று மடமடவென்று எழுதினான். ஐந்தே மூன்றில் ஒன்றுக்கு வந்தான். 5.333... மூன்று முடியவில்லை. மண்டித் தராசு புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்தான் காட்டும். அவனும் 5.33 என்று வெட்டினான். பெருக்கத் தொடங்கினான்.

மாரித்தாய் பென்சிலை இன்னும் தாளில் வைக்கவில்லை. கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், திணறுகிறாள் என்று நினைத்தான்.

பிறகு அவள் எழுதினாள். முக்காலின் வர்க்கம் 9/16. ஐந்தே மூன்றில் ஒன்று 16/3. பதினாறைப் பதினாறால் அடித்தாள். ஒன்பதை மூன்றால் அடித்தாள். மூன்று மிஞ்சியது. அரையின் கனம் அரைக்கால், 1/8. அதனால் வகுத்தால் எட்டால் பெருக்கு.

"இருபத்தி நாலு."

சுந்தரேஸ்வரி வினாத்தாளின் விடைக்குறிப்பைப் பார்த்தாள். "சரிதான் மதினி!"

அவன் விடாமல் முடித்தான். 23.985.

"எண்ணே, கிலோன்னா பதினஞ்சு கிராம் கொறையுதே! மண்டியிலயும் இப்பிடித்தான் நிறுக்கியா?"

"சும்மா கெட ஏட்டி."

மாரித்தாயின் தாளை வாங்கித் தப்புத் தேடினான். இல்லை. வினாத்தாளைப் புரட்டி இன்னொன்றைக் காட்டினான்.

(1.5)³ × 2⅔ ÷ 0.9

இந்த முறை அவன் போடவில்லை. அவள் கையைப் பார்த்தான். அவள் முதலில் சும்மா இருந்தாள். பிறகு 27/8, 8/3. எட்டும் எட்டும் போயின. ஒன்பது. வகுத்தல் 9/10. பத்து.

நான்கு வரி. ஒரு தசமப் புள்ளிகூட இல்லை. அவனென்றால் அரைப் பக்கம் அரைத்துக்கொண்டிருப்பான்.

"எப்பிடிட்டீ?"

"எது எதோட அடிபடும்னு பாத்துட்டுத்தான் எழுதுவேன். முடியாத மூணை எழுதிக்கிட்டே இருக்க எனக்கு எங்க நேரம்? ஒலை கொதிச்சிருமே."

தாளை மடிக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தான். தோற்றது வலித்தது. ஆனாலும் அந்த நான்கு வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். இவளோடு இத்தனை வருஷம் இருந்திருக்கிறோம், இது தெரியவில்லையே.

"சரி, நீயே போ. களைய நான் பாத்துக்கிடுதேன்."

"நெசமாவா?"

"ஆனா, வந்ததும் அன்னைக்கு நடத்துன கணக்கைப் போட்டுக் காட்டணும். மத்ததெல்லாம் அப்புறம்."

"அப்ப சோறு யாரு பொங்குவா?"

சுந்தரேஸ்வரி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"நான் பொங்குதேன். நீ கணக்கைப் போடு."